வழித்துணைக்கு ஒரு பம்பு
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு)



காலை எட்டரை மணிக்கு நம் பள்ளியின் சைக்கிள் கொட்டகை அருகில் நின்று பார்த்தால் கண்கொள்ளாக் காட்சியாக இருக்கும். பல வண்ணம், பல வயது கொண்ட சைக்கிள்கள் வரிசை வரிசையாக நிற்கும். சைக்கிள் ஓட்டத் தெரியாத பெண் நம்மில் அரிது. ஆனால் ஓடுகிற சைக்கிள் நடுவழியில் நின்றுவிட்டால், அதை மீண்டும் ஓட வைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? சென்ற ஆகஸ்டு மாதம் வரை எங்கள் வகுப்பில் ஒருவர்கூட இல்லை.

அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் பதினொரு பேர் உடற்கல்வி டீச்சருடன் தூத்துக்குடியிலிருந்து புன்னைக்காயலுக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். தாமிரபரணி கடலோடு கலக்கும் ஊர் அது. 1586ஆம் ஆண்டு அண்டிரிக் அடிகளாரின் தமிழ் நூல் அச்சான ஊர் என்றும் சொல்வர். போக வேண்டும் என்று வெகுநாள் ஆசை. புளியோதரை கட்டிக்கொண்டோம். முதலுதவிப் பெட்டி எடுத்துக்கொண்டோம். பம்பு ஒன்றும் எடுத்துக்கொண்டோம். எங்களுள் ஒருத்தியின் அண்ணன் தம் கியர் சைக்கிளுக்கென்று வாங்கி வைத்திருந்த பம்பு அது. ஒரு சாண் நீளம், வெள்ளிபோல் பளபளப்பு. அதைப் பார்த்ததுமே எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. யாரும் அதை ஒருமுறைகூட எங்கள் சைக்கிளில் மாட்டிப் பார்க்கவில்லை.

முள்ளக்காடு தாண்டியதும் இருபுறமும் உப்பளம். ஒதுங்க மர நிழல் கிடையாது. சாலையோரம் உள்ள மரமெல்லாம் உடைமரமும் சீமைக்கருவேலும்தான். அவை நிழலைவிட முள்ளையே தாராளமாகத் தரும். அங்கேதான் எங்களுள் ஒருத்தியின் பின்சக்கரம் உட்கார்ந்தது. பம்பை எடுத்தோம். வால்வில் வைத்து அழுத்தினோம். "புஸ்" என்று காற்றெல்லாம் வெளியே போயிற்று. திருப்பி வைத்தோம். கைக்குட்டையைச் சுற்றி வைத்தோம். ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். பம்பின் வாய் பெரிது, எங்கள் வால்வு சிறிது என்பது புரியவே கால் மணி நேரம் ஆயிற்று. பம்பு பொருந்தியிருந்தாலும் பயனில்லை என்பது அதன் பிறகுதான் உறைத்தது. ஓட்டையை அடைக்க எங்களிடம் ஒன்றுமே இல்லையே!

ஒரு மணி நேரத்துக்கு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். வழியில் கண்ட ஒரே கடையும் பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். கடைசியில் உப்பு மூட்டை ஏற்றிவந்த வேனில் அந்தச் சைக்கிளையும் அவளையும் டீச்சரையும் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் வந்த வழியே திரும்பினோம். பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டமாக நின்றார்கள். நாங்கள் புன்னைக்காயலைப் பார்க்கவே இல்லை.

தலைமையாசிரியை சிஸ்டர் திட்டவில்லை. "தன் வண்டியைத் தானே சரிசெய்யத் தெரிந்துகொண்டு வாருங்கள். அதுவரை பயணம் என்ற பேச்சோடு யாரும் என்னிடம் வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அதைவிட எங்களை வருத்தியது வேறொன்று. பஞ்சரான சைக்கிளுக்கு உரியவள் நாள்தோறும் முள்ளக்காட்டுப் பக்கமிருந்து சைக்கிளில் வருபவள். பொதுத்தேர்வுக்கான மாலை வகுப்பு முடிய ஆறு மணியாகிவிடும். அவளுடைய அப்பா, "இருட்டுகிற நேரத்தில் இப்படி வழியில் நின்றால் யார் இருக்கிறார்கள்? இனி மாலை வகுப்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கணக்கில் அவள் தடுமாறுகிறவள். அவளுக்கு அந்த வகுப்பு எவ்வளவு தேவை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே மறு வாரமே, பள்ளிக்குப் பின்புறத் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போய் நின்றோம். வெள்ளிப் பம்பை நீட்டினோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பம்பு நல்ல பம்புதாம்மா. ஆனா இது கார் வால்வுக்கு உள்ளது. சாவி நல்லாத்தான் இருக்கு, பூட்டு வேறல்லா?" என்றார். எங்கள் பாடம் அங்கே தொடங்கிற்று. புதன்கிழமைதோறும் மாலையில் ஆறு வாரம் அவர் கடையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறோம். அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் நம்மில் பலருக்கு அரசின் விலையில்லாச் சைக்கிள் வரப்போகிறது. அவர்களுக்கும் இது உதவும்.

பம்பு வாங்குமுன் பார்க்க வேண்டியது பம்பை அன்று, வால்வை. சைக்கிள் டியூபுகளில் மூன்று வகை வால்வுகள் உண்டு. நம் ஊர்ச் சாதாரணச் சைக்கிள்களில் இருப்பது டன்லப் வால்வு. வுட்ஸ் வால்வு என்றும் சொல்வர். கார், மோட்டார் சைக்கிள் சக்கரங்களில் இருப்பது ஷ்ரேடர் வால்வு. பல கியர் சைக்கிள்களிலும் இதுவே இருக்கும். இது பருமனானது, வாயின் நடுவே ஒரு சிறு ஊசி தெரியும். மூன்றாவது பிரெஸ்டா. பந்தயச் சைக்கிள்களில் காணப்படும் இது மெலிந்தது; இதன் தலையில் ஒரு குட்டித் திருகு இருக்கும். ஷ்ரேடருக்கென்று செய்த பம்பு டன்லப் வால்வில் நிற்காது. இரண்டுக்கும் நடுவே மாட்டப் பித்தளையில் சிறு இணைப்பும் விற்கிறார்கள்தான். ஆனால் அதை நம்பி வாங்குகிறவர், கடையிலேயே நம் வால்வில் மாட்டிக் காற்றடித்துப் பார்த்துவிட வேண்டும். நாங்கள் பட்ட பாடு போதும்.

டன்லப் வால்வைக் கழற்றிப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. மேலே உள்ள மரையைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு தண்டு வரும். (காற்று முழுதும் போய்விடும், ஆகையால் பிறர் சைக்கிளில் இதைச் செய்ய வேண்டாம். சென்ற ஆண்டு யார் செய்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்!) தண்டின் பக்கவாட்டில் ஒரு நுண்துளை. அதை மூடினாற்போல் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று போர்த்தியிருக்கும். அதுதான் வால்டியூப். பம்பிலிருந்து வேகமாக வரும் காற்று ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். காற்று திரும்பி வரப் பார்த்தால், உள்ளேயுள்ள அழுத்தமே ரப்பரைத் தண்டோடு சேர்த்து அழுத்தித் துளையை அடைத்துவிடும். விரற்கடை அளவு ரப்பர்தான் நம்மையெல்லாம் சுமக்கும் காற்றைக் காவல் காக்கிறது. வெயிலிலும் காலத்திலும் இந்த ரப்பர் வெடித்துப் போகும். அப்போது பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கும். "பஞ்சர்னு வாறவங்கள்ல பாதிப் பேருக்கு வால்டியூபுதான் போயிருக்கும்" என்றார் அண்ணாச்சி. ஒரு சாண் வால்டியூபை வாங்கிப் பென்சில் பெட்டியில் போட்டு வைத்தால் பல தடவைக்கு வரும். வால்டியூப் தேவைப்படாத உட்பகுதிகளும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன.

காற்றடைத்த டயரின் பிறப்பே ஒரு சிறுவனுக்காகத்தான். 1888ஆம் ஆண்டு அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல் பாவிய தெருவில் அதிராமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் பொருத்தினார். அவருக்கு முன்னரே, 1845ஆம் ஆண்டில், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அப்போது அது பெரிதாகப் பரவவில்லை. டயரோடு பஞ்சரும், பஞ்சரோடு பம்பும் உலகுக்கு வந்தன என்க.

இனி பம்புக்கு வருவோம். கடையில் நின்று காற்றடிக்கும் பெரிய பம்பு எல்லோரும் அறிந்தது. வீட்டில் வைத்துக்கொள்ள அதைவிட நல்லது வேறில்லை; ஆனால் பயணத்தில் யார் சுமப்பது? பயணத்துக்கு உரியவை கைப்பம்புகள். அவற்றுள் ஒரு சாண் நீளக் குட்டிப் பம்பு உண்டு. ஒன்றரை அடி நீளத்தில் சட்டத்தோடு மாட்டும் பம்பும் உண்டு. குட்டிப் பம்பைக் கண்டால் எல்லோருக்கும் ஆசைதான். வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பாயில் விதி தேர்வுக்கு மட்டும் அன்று!

நம்மில் பெரும்பாலோர் ஓட்டும் பெண்கள் சைக்கிளின் டயர் அளவு 26 × 1⅜ அங்குலம். (டயரின் பக்கவாட்டில் இது எழுதியிருக்கும்; இப்போதே போய்ப் பாருங்கள்.) அதன் டியூபுக்குள் ஏறத்தாழ 2 லிட்டர் காற்றுக்கு இடம் உண்டு. வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ கூடுதல் அழுத்தம் வேண்டுமானால், அதாவது கடைக்காரர் கணக்கில் சுமார் 43 பவுண்டு, சப்பையான டியூபுக்குள் ஏறத்தாழ 8 லிட்டர் வெளிக்காற்றைத் திணிக்க வேண்டும். இப்போது குட்டிப் பம்பை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 20 மில்லிமீட்டர், கைப்பிடி போய்வரும் தூரம் 12 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு தடவைக்கு 38 கன சென்டிமீட்டர் காற்றுதான் போகும். 8 லிட்டருக்கு 210 தடவை! உப்பளத்து வெயிலில் 210 தடவை அடித்துப் பார்த்தால்தான் அந்த எண்ணின் பொருள் விளங்கும். கடையின் பெரிய பம்போ, 35 மில்லிமீட்டர் விட்டமும் 45 சென்டிமீட்டர் ஓட்டமும் கொண்டதானால், இருபது தடவைக்குள் முடித்துவிடும்.

அப்படியானால் பருமனான குட்டிப் பம்பு வாங்கலாமே என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால்தான் நாம் தள்ள வேண்டிய பலம் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் பம்பில் கடைசித் தடவைகளில் 9 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பலம் போதும். 30 மில்லிமீட்டர் ஆனால் 21 கிலோ வேண்டும். கடைப் பம்புக்கு ஏறத்தாழ 29 கிலோ; ஆனால் அங்கே இரு கைகளையும் வைத்து உடல் பாரத்தையே இறக்குகிறோம். நடுவழியில் குந்திக்கொண்டு ஒரு கையால் பம்பைப் பிடித்து மறு கையால் 21 கிலோவைத் தள்ள நம்மால் ஆகாது. ஆகவே பம்பு மெலிந்தும் நீண்டும் இருக்க வேண்டும். நாங்கள் தேர்ந்தது 22 மில்லிமீட்டர் விட்டமும் 30 சென்டிமீட்டர் ஓட்டமும் உள்ள, சட்டத்தில் மாட்டும் பம்பு. கணக்குப்படி 70 தடவை. பலம் 11 கிலோவுக்கு மேல் கொஞ்சம். உண்மையில் அடித்து எண்ணிப் பார்த்தபோது 90 ஆயிற்று. ஏன் கூடிற்று என்று அறிவியல் டீச்சரைக் கேட்டோம். ஒவ்வொரு தடவையும் பம்பின் அடியிலும் குழாயிலும் கொஞ்சம் காற்று தங்கிவிடுகிறது, வாஷர் ஓரமாகவும் கொஞ்சம் நழுவுகிறது என்றார். பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது! காற்றை நெருக்கினால் வெப்பம் பிறக்கும் என்பதற்கு இதைவிடச் சோதனை வேறு வேண்டுமோ?

பம்பைக் கடையில் சோதிக்க அண்ணாச்சி சொல்லித் தந்த வழி இது. காற்று வெளிவரும் வாயைக் கட்டைவிரலால் இறுக மூடிக்கொண்டு கைப்பிடியைத் தள்ள வேண்டும். நல்ல பம்பு பாதி வழியில் மல்லுக்கு நிற்கும். கையை விட்டால் பின்னுக்கு எம்பும். எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போய்விட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். அடுத்து, மூடியைக் கையால் திருகித் திறந்து வாஷரைப் பார்க்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வகைப் பம்புகளில் தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்து சுருங்கினால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் விரித்துவிட்டாலே உயிர் வந்துவிடும். ரப்பர் வாஷர் போனால் மாற்றத்தான் வேண்டும். திறக்கவே முடியாதபடி மூடிச் செய்த பம்புகளும் விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், பழுதானால் குப்பைக்குத்தான். மூன்றாவதாக, பம்புக்கும் வால்வுக்கும் நடுவே வளையும் குழாய் இருப்பது நல்லது. குழாய் இல்லாமல் நேரே வால்வில் பொருத்தி அடிக்கும்போது கை ஆடினால் வால்வின் அடி கிழியும். அண்ணாச்சியின் கடைச் சுவரில் அப்படிக் கிழிந்த டியூபுகள் மாலைபோல் தொங்குகின்றன.

வாயுக் குப்பி என்று ஒன்று உண்டு. 16 கிராம் கார்பன் டை ஆக்சைடை அடைத்த சிறு உருளை; வால்வில் வைத்துத் திறந்தால் சில நொடிகளில் டயர் நிறைந்துவிடும். பந்தயக்காரருக்கு அது சரி. ஒரு குப்பி ஒரே தடவைக்குத்தான். மேலும் அந்த வாயு ரப்பரின் ஊடே காற்றைவிட விரைவில் கசிந்துவிடும். மின்கலத்தில் ஓடும் பம்பும் வந்திருக்கிறது. புறப்படும் முந்தின இரவு மின்சாரம் ஏற்ற மறந்தால் அதுவும் வெள்ளிப் பம்பின் கதைதான்.

பெண்கள் சைக்கிளில் மேல்சட்டம் இல்லாததால் பம்பை எங்கே மாட்டுவது என்பதும் ஒரு கேள்வி. நாங்கள் கேரியரின் பக்கக் கம்பியோடு இரண்டு வார்களால் கட்டினோம். தாவணியோ துப்பட்டாவோ சிக்காத பக்கமாகப் பார்த்துக் கட்ட வேண்டும். குழாயைத் தனியே கைப்பையில் வைக்கக் கூடாது. பம்பு ஒரு சைக்கிளிலும் குழாய் இன்னொரு சைக்கிளிலும் போனால், அந்த இரண்டு பேரும் நிச்சயம் வெவ்வேறு வழியில்தான் போவார்கள்.

உதிரிப் பொருள்களில் நாங்கள் முதலில் வாங்கப் பார்த்தது மாற்று டியூப். பயணம் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களில் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஓட்டையான டியூபைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்லதை மாட்டு, ஐந்து நிமிடத்தில் புறப்படு என்பது அவர்கள் வாதம். அவர்கள் சைக்கிளில் சக்கரம் ஒரு நெம்புகோலைத் திருப்பினால் கழன்று வரும். நம் சைக்கிளிலோ பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் செயின் மூடி, மட்கார்டு கம்பி, ஸ்டாண்டு, கேரியர், பிரேக் என்று ஒரு குடும்பத்தையே கலைக்க வேண்டும். அதனால்தான் நம் ஊர்க் கடைகளில் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை ஒரு பக்கமாக வெளியே இழுத்து ஒட்டுப் போடுகிறார்கள். கூடுமானால் ஒரு டியூபும் கொண்டுபோகலாம். வால்வின் அடியில் கிழிந்தால் வேறு வழி இல்லை. ஆனால் நமக்கு முதல் தேவை ஒட்டுப் போடும் சாமான்களே என்பது எங்கள் முடிவு.

அவை ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கும். டயர் கழற்றும் கம்பிகள் இரண்டு அல்லது மூன்று. விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். எங்களுள் ஒருத்தி கம்பிக்குப் பதில் வீட்டுக் கரண்டியின் காம்பைக் கொண்டு நெம்பினாள். ஒரு ஓட்டைக்குப் பதில் மூன்று ஓட்டை ஆயிற்று. கரண்டியும் வளைந்து, வீட்டில் அதற்குத் தனியே பூசை நடந்தது. உப்புத்தாள் ஒரு துண்டு, ஒட்டுகள் ஆறேழு, சொல்யூஷன் ஒரு குப்பி. இந்தச் சொல்யூஷன் பொல்லாதது. ஒருமுறை திறந்துவிட்டால் எவ்வளவு இறுக மூடினாலும் நாளடைவில் உள்ளேயே காய்ந்துவிடும். பயணத்துக்குத் திறக்காத குப்பியே வேண்டும். பழைய டயரிலிருந்து வெட்டிய இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றும் அவசியம். டயரே கிழிந்தால் உட்புறம் அதை வைத்து வீடு வந்து சேரலாம். பிரேக் கட்டை ஒரு சோடி, செயின் லாக் ஒன்று, பல அளவு நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பானர் ஒன்று. பிறகு முகப்பவுடர்! ஒட்டுப் போட்ட இடத்தில் அதைத் தூவினால் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாது. பவுடர் டப்பா கொண்டு போனதற்கு டீச்சர் இனிக் கேள்வி கேட்க முடியாது.

ஒட்டுப் போடுவதில் எங்களுக்குக் கடினமாக இருந்தது காத்திருப்பதுதான். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவ வேண்டும். அது விரலில் ஒட்டாத பதம் வரும் வரை கை கட்டி நிற்க வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் ஒட்டாது. முதல் வாரத்தில் நாங்கள் போட்ட ஒட்டுகளெல்லாம் மறுநாளே உரிந்தன. இரண்டாம் வாரம் ஒட்டு நின்றது; ஆனால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியதும் மறுபடி உட்கார்ந்தது. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் டயரின் உட்புறத்தைக் காட்டினார். முள் அப்படியே அங்கே நின்றது! டியூபைப் பார்த்தவர்கள் டயரைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து டயரின் உட்புறம் முழுவதும் விரலை மெதுவாக ஓட்டிப் பார்க்காமல் நாங்கள் மூடுவதில்லை.

நூலகப் பொறுப்பாளரான சிஸ்டர் எங்களுக்கு டெர்வ்லா மர்பி என்ற அயர்லாந்துப் பெண்மணியைப் பற்றிச் சொன்னார். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலக வரைபடப் புத்தகமும் கிடைத்தபோதே இந்தியாவுக்குச் சைக்கிளில் போவதென்று முடிவு செய்தவராம் அவர். 1963ஆம் ஆண்டு அப்படியே புறப்பட்டு, ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டில்லி வந்து சேர்ந்தார். புறப்படுமுன் அவர் செய்த இரண்டு காரியங்கள் எங்களுக்கு மிகவும் பிடித்தன. வழியிலுள்ள ஊர்களுக்கு மாற்று டயர்களை முன்கூட்டியே தபாலில் அனுப்பிவைத்தார். சைக்கிளில் இருந்த கியர் அமைப்பை, ஆசியச் சாலைகளை அது தாங்காது என்று கழற்றியே விட்டார்! கியர் இல்லாத சைக்கிளை ஓட்டும் நாம் குறைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை போலும்.

அவ்வளவு தொலைவு போவானேன்? எங்கள் உடற்கல்வி டீச்சருடைய அம்மா புதுக்கோட்டை மாவட்டத்தவர். 1991-92இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். டீச்சரின் அம்மாவும் அவர்களுள் ஒருவர். கற்றபின் முதன்முதலாகத் தன்னந்தனியே தண்ணீர்க் குடத்தோடு போனபோது டயர் பஞ்சராகி, கேலி செய்தவர்கள் நடுவே தள்ளிக்கொண்டு வந்தாராம். அதைக் கேட்டபோது எங்களுக்கு உப்பளத்துச் சாலை நினைவுக்கு வந்தது.

ஜனவரியில் சிஸ்டர் எங்களைச் சோதித்தார். உண்மையாகவே தாம் ஒரு டயரில் குண்டூசி குத்திக் கொடுத்தார்! இருபத்தைந்து நிமிடத்தில் ஒட்டிக் காற்றடித்துக் கொடுத்தோம். பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை மீண்டும் புன்னைக்காயலுக்குப் புறப்பட்டோம். இம்முறை முள்ளக்காட்டுத் தோழியின் அப்பாவும் தம் பழைய சைக்கிளில் வந்தார். "சும்மா பார்க்க வந்தேன்" என்றார். எல்லோருக்கும் பின்னால் ஒன்றும் பேசாமல் மிதித்து வந்தார்.

போகும்போது ஒரு பஞ்சர். ஓட்டை இருக்கும் இடம் தெரியாமல் டியூபை உப்பள வாய்க்கால் நீரில் முக்கினோம், குமிழி வந்தது. உப்பு நீர் பட்ட ரப்பரை நல்ல நீரில் கழுவித் துடைக்காமல் ஒட்டக் கூடாது என்று அண்ணாச்சி முன்பே எச்சரித்திருந்ததால் ஒரு பாட்டில் குடிநீர் அதற்குச் செலவாயிற்று. டயருக்குள் விரலை ஓட்டி முள்ளை எடுத்தோம். ஆற்றுப் பாலம் கடந்து ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் சேர்ந்தபோது உச்சி வெயில். ஆறும் கடலும் சேருமிடத்தில் நின்றுகொண்டு புளியோதரை தின்றோம். அதன் ருசியை எழுத இங்கே இடமில்லை.

திரும்பும் வழியில் அப்பாவின் சைக்கிளில் காற்று இறங்கியது. அவர் இறங்கித் தள்ளத் தொடங்கினார். அவருடைய மகள் "இருங்கப்பா" என்றாள். டயரைக் கழற்றவில்லை. வால்வின் மரையைத் திருகித் தண்டை வெளியே எடுத்தாள். வால்டியூப் வெடித்து நூல்நூலாக இருந்தது. பென்சில் பெட்டியிலிருந்து புதியதில் விரற்கடை நறுக்கி, எச்சில் தொட்டு ஏற்றி, துளை மூடுகிறதா என்று பார்த்து மாட்டினாள். பம்பைக் கட்டியிருந்த வாரை அவிழ்க்கப் போனபோது அப்பா அதை வாங்கிக்கொண்டு தாமே காற்றடித்தார். நாங்கள் எண்ணினோம், அது பெரிய டயர், நூற்றுக்கும் மேல் ஆயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மாலைக் கணக்கு வகுப்பில் அவள் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பம்பும் பிஸ்கட் டப்பாவும் இப்போது சைக்கிள் கொட்டகையின் காவல்கார ஐயாவிடம் இருக்கின்றன. வகுப்பும் பெயரும் நோட்டில் எழுதிவிட்டு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். டன்லப் வால்வுக்கு மட்டுமே அந்தப் பம்பு பொருந்தும். சொல்யூஷன் குப்பியைத் திறந்தவர்கள் எங்களிடம் சொல்லிவிடவும். புதியது வாங்கி வைக்க வேண்டும்.